சாம்பல் நிற வீடு அலுத்துவிட்டது: எதை மாற்றலாம், எதை அப்படியே விடலாம்?

நிலைப்படி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து வருஷத்துக்கு முன்பு வீட்டை முழுசாகப் புதுப்பித்தோம். அப்போது எந்தப் படத்தைப் பார்த்தாலும் சாம்பல் நிறம்தான். நாங்களும் சுவருக்கு இளஞ்சாம்பல், தரையில் மர ரேகை போட்ட சாம்பல் டைல்ஸ், சமையலறையில் பளபளப்பான வெள்ளைக் கதவுகள், கூரையில் வரிசையாகக் குழி விளக்குகள் என்று முடிவு செய்தோம். அன்றைக்கு அது ரொம்ப அழகாக இருந்தது. இப்போது சாயங்காலம் விளக்கைப் போட்டால் ஏதோ ஒரு அலுவலகத்தின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

என் கணவர் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்கிறார். பழுப்புச் சுவர், வரிவரியாகக் குடைந்த மரப்பலகை, வளைவு வைத்த வாசல், சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கிற சுவரை எடுப்பது, இதெல்லாம் அவருடைய பட்டியல். எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கத்தான் செய்கின்றன. ஆனால் சாம்பலைப் பார்த்தபோதும் இதே மாதிரிதான் பிடித்தது. இன்னும் ஐந்தாறு வருஷத்தில் இந்தப் பழுப்பும் வரிப்பலகையும் அலுத்துப்போனால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க எங்களால் முடியாது, பணமும் இல்லை, தெம்பும் இல்லை.

சமையலறை அலமாரிகளின் உள்பெட்டிகள் உறுதியாக இருக்கின்றன. கதவுகளில் இரண்டு மூன்று மட்டும் ஓரத்தில் உரிய ஆரம்பித்திருக்கின்றன. டைல்ஸில் ஒரு விரிசல்கூட இல்லை. இந்த நிலையில் எதில் கை வைப்பது, எதைத் தொடவே கூடாது? இந்த வேலையில் இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தூரிகை எழுதியது:

பெயின்ட் வேலைதான் என் தொழில். சுவருக்குப் போவதற்கு முன்னால் ஒரு விஷயம். அந்தக் குழி விளக்குகளில் ஒன்றைக் கழற்றி, அதன் மேல் அச்சடித்திருக்கிற எண்ணைப் பாருங்கள். 6500கே (கே என்றால் கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அளவு) என்று இருந்தால் உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேயே இருக்கிறது. அது நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம், பட்டப்பகல் வெளிச்சத்துக்குச் சமமானது. ராத்திரி உட்கார்ந்து பேசுகிற அறைக்கு 2700 அல்லது 3000 போதும். எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சள் பக்கம் போகும். அதோடு சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கும், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது. 90க்கு மேல் இருப்பதை வாங்குங்கள். 80 உள்ளதில் சிவப்பும் மர நிறமும் செத்துப்போய்த் தெரியும்.

சாம்பல் பெயின்ட் என்பது பெரும்பாலும் வெறும் கறுப்பும் வெள்ளையும் இல்லை. உள்ளே நீலமோ பச்சையோ ஊதாவோ கொஞ்சம் கலந்திருக்கும். 6500 வெளிச்சம் அந்த நீலத்தைத்தான் முதலில் வெளியே இழுக்கும். அதனால் பல்பை மட்டும் மாற்றிவிட்டுக் கொஞ்ச நாள் இருந்து பாருங்கள். கூரை விளக்குகளைப் பாதி அணைத்துவிட்டு, கண் உயரத்துக்குக் கீழே ரெண்டு மூலையில் மூலைக்கொரு மேசை விளக்கு வையுங்கள். எல்லா வெளிச்சமும் மேலேயிருந்து நேராகக் கொட்டினால் எந்த நிறம் அடித்தாலும் அறை தட்டையாகத்தான் தெரியும்.

அப்புறம் தரை. தரையை மாற்றப் போவதில்லை என்றால் சுவர் நிறத்தைத் தீர்மானிக்கப் போவது தரைதான், பத்திரிகைப் படம் இல்லை. பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளை டைல்ஸ் மேல் வைத்துப் பாருங்கள். தாளுக்குப் பக்கத்தில் டைல்ஸ் நீலமாகத் தெரிகிறதா, பழுப்பாகத் தெரிகிறதா? பழுப்பு என்றால் உங்களுக்கு யோகம், உங்கள் கணவர் கேட்கிற நிறங்களில் முக்கால்வாசி ஒத்துப்போகும். நீலம் என்றால் சிவப்பு கலந்த பழுப்பை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள், ரெண்டும் ஒன்றையொன்று அழுக்காகக் காட்டும். அந்த இடத்தில் லேசாகப் பச்சை கலந்த வெண்மையோ, களிமண் சாயல் இல்லாத மணல் நிறமோ நிற்கும்.

சுவரிலேயே சின்னதாக ஒரு கட்டம் அடித்துப் பார்ப்பது வேண்டாம். சுற்றிலும் பழைய சாம்பல் இருக்கும்போது நடுவில் எந்த நிறமும் அதன் உண்மையான முகத்தைக் காட்டாது. ஒரு பெரிய அட்டையில் ரெண்டு கோட் அடித்து, ஓரத்தில் நாலு விரல் அகலம் வெள்ளையாக விட்டு, காலையில் ஜன்னல் பக்கம், ராத்திரி விளக்கின் கீழ், அப்புறம் தரையை ஒட்டி என்று நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். நல்ல சுவரில் 1 லிட்டர் பெயின்ட் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். வீட்டில் மாற்றுகிற எல்லாவற்றிலும் மலிவானது இதுதான். அதனால் இந்தக் காலத்து நிறம் ஒன்றை ஆசைப்பட்டு அடிப்பதில் தப்பே இல்லை, அலுத்தால் மேலே அடித்துக்கொள்ளலாம். அலுத்த பிறகு பெயர்த்து எடுக்க வேண்டியவற்றில்தான் யோசனை வேண்டும்.

மரத்தூள் எழுதியது:

அலமாரி செய்கிறவன் நான், என் பங்குக்கு.

உள்பெட்டி நன்றாக இருந்தால் உடைக்காதீர்கள். நன்றாக இருக்கிறதா என்பதை ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். ஸிங்க்குக்கு அடியில் இருக்கிற பலகையின் பின்ஓரத்தில் நகத்தை வைத்து அழுத்துங்கள். அழுந்தினாலோ, உப்பி வட்டமாக இருந்தாலோ தண்ணீர் குடித்துவிட்டது, அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். அப்புறம் கீல் திருகுகளைக் கையால் இறுக்கிப் பாருங்கள். பிடித்து நிற்க வேண்டும், சும்மா சுற்றிக்கொண்டே போகக் கூடாது. ரெண்டும் சரி என்றால் அந்தப் பெட்டிகள் இன்னும் ரொம்ப நாள் உழைக்கும்.

உங்கள் கதவுகள் உரிவது அடுப்பு, கெட்டில், பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவற்றின் பக்கத்தில்தான் என்று நினைக்கிறேன். எம்டிஎஃப் பலகை (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஃபாயிலைச் சூடாக்கி ஒட்டுகிற கதவுகளில் ஆவியும் சூடும் தொடர்ந்து பட்டால் பசை விடும். அதை மறுபடியும் ஒட்டி நிற்கவைப்பது கஷ்டம். ஆனால் கதவை மட்டும் மாற்றலாம். இந்த மாதிரி அலமாரிகளில் கீல் உட்காருகிற குழி பொதுவாக 35 மில்லிமீட்டர். பழைய கதவை அளவுக்குக் கொடுத்தால் அதே இடத்தில் குழி போட்டுப் புதுக் கதவு செய்து தருவார்கள், பெட்டியில் ஒரு துளைகூடப் புதிதாகப் போட வேண்டியதில்லை.

கைப்பிடி மட்டும் மாற்றுவதாக இருந்தால் ரெண்டு திருகுகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்துகொண்டு போங்கள். 96, 128, 160 என்று 32இன் மடங்கில் ஏதோ ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதே அளவில் வாங்கினால் ஒரு திருப்புளியோடு மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். வேறு அளவு வாங்கினால் பழைய துளையை அடைக்க வேண்டும், பளபளப்பான வெள்ளைக் கதவில் அடைத்த துளை எப்படியும் தெரியும். பித்தளையா கறுப்பா ஸ்டீலா என்பதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். 1980களில் எல்லோரும் பித்தளை கேட்டார்கள், அப்புறம் அதைக் கழற்றிக் குரோமும் தேய்த்த நிக்கலும் மாட்டினார்கள், 2010களில் பித்தளை திரும்பி வந்துவிட்டது. பழையதைக் கழற்றினால் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

பணம் இருந்தால் எங்கே போடுவது என்று கேட்டால், கீழ் அலமாரிகளில் தட்டுகளை எடுத்துவிட்டு முழுசாக வெளியே வருகிற இழுப்பறைகளைப் போடுங்கள். அதை யாரும் படம் எடுத்துப் போட மாட்டார்கள். ஆனால் மண்டியிட்டு உள்ளே தலையை விட்டுப் பாத்திரம் தேடுகிற வேலை அன்றோடு போய்விடும். எந்தக் காலத்திலும் அலுக்காத மாற்றம் என்று நான் பார்த்தது இதுதான்.

பழையவீடு எழுதியது:

நிலைப்படி, நீங்கள் கேட்ட கேள்வியில் எனக்கு ரொம்பப் பிடித்தது "மறுபடியும் அலுத்துப்போனால்" என்பதுதான். உள் அலங்காரத்தின் வரலாற்றைத் தேடித் தேடிப் படிக்கிறவன் நான், அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நிறங்களுக்கு எண் கொடுத்துத் தரப்படுத்துகிற பான்டோன் நிறுவனம் 2000ஆம் ஆண்டுக்கான நிறத்தில் தொடங்கி வருஷத்துக்கொரு நிறம் அறிவிக்கிறது. 2021க்கு ஒரு சாம்பலையும் ஒரு மஞ்சளையும் சேர்த்துச் சொன்னார்கள். 2025க்கு மோக்கா மூஸ் என்ற பழுப்பு. நடுவில் நாலே வருஷம். இதை நம்பி டைல்ஸ் போட முடியுமா? டைல்ஸ் 30 வருஷம் கிடக்கும். நிறத்தை அறிவிக்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் துணிக்கும் அச்சுக்கும் பொட்டலத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். ஒரு குஷன் உறைக்கும் ஒரு தரைக்கும் ஆயுள் வேறு என்பதை நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1970களில் அமெரிக்க வீடுகளில் அவகாடோ பச்சையிலும் அறுவடைப் பொன்நிறத்திலும் ஃபிரிட்ஜும் அடுப்பும் இருந்தன. அதற்கப்புறம் அந்தப் பச்சையைக் கண்டாலே முகம் சுளித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அதே மாதிரி மங்கிய பச்சையில் சமையலறைக் கதவுகள் செய்கிறார்கள். 1981இல் மிலான் நகரத்தில் எத்தோரே சொட்சாஸும் அவரோடு சேர்ந்த இளம் வடிவமைப்பாளர்களும் மெம்ஃபிஸ் என்ற பெயரில் மேசை, அலமாரி, விளக்கெல்லாம் காட்சிக்கு வைத்தார்கள். அதுவரை சமையலறை மேடைக்கும் மலிவான உணவகத்துக்கும் போடுகிற பிளாஸ்டிக் லேமினேட்டை எடுத்து, நெளிநெளியான கோலங்களோடு வரவேற்பறைச் சாமான்களில் ஒட்டினார்கள். சிலர் கொண்டாடினார்கள், சிலருக்கு அடியோடு பிடிக்கவில்லை. அந்தக் கோலங்கள் இன்றைக்கு மறுபடியும் துணியிலும் சுவரிலும் வருகின்றன.

லினோலியம் கதை இதைவிடச் சுவாரசியம். ஃபிரெடரிக் வால்டன் 1860களில் கண்டுபிடித்தது, ஆளிவிதை எண்ணெயையும் கார்க் தூளையும் கலந்து துணி மேல் பரப்பிச் செய்கிற தரை விரிப்பு. நூறு வருஷம் ஆண்டது. வினைல் என்ற பிளாஸ்டிக் தரை வந்ததும் பழசு என்று ஓரம் கட்டிவிட்டார்கள். இப்போது, மக்கக்கூடிய பொருள் என்ற காரணத்துக்காகவே அதைத் தேடி வாங்குகிறார்கள்.

இன்னொரு பக்கம், ஒரு தடவைகூட முழுசாகப் போகாத பொருட்கள் இருக்கின்றன. தோனெட் நிறுவனத்தின் 14ஆம் எண் நாற்காலி 1859இல் வந்தது. நீராவியில் வளைத்த மரம், ஆறு துண்டு, பத்துத் திருகு, இரண்டு நட்டு, அவ்வளவுதான். இன்றும் செய்கிறார்கள். ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1887இல் வரைந்த வில்லோ மரத்து இலைச் சுவர்த்தாள் இன்றும் அச்சாகிறது. ஏன் இவை நிற்கின்றன என்று பார்த்தால், அந்த நாற்காலியில் கழற்றி எடுக்கிற மாதிரி அலங்காரம் என்று தனியாக எதுவுமே இல்லை, வளைவுதான் அதைத் தாங்கவும் செய்கிறது, அழகாகவும் இருக்கிறது. இலை விஷயத்தில் அவர் ஆற்றோரத்து வில்லோவை நிஜமாகப் பார்த்து வரைந்திருக்கிறார். மேலே ஒட்டிய அலங்காரம் சீக்கிரம் பழசாகிறது, பொருளோடு பிறந்தது நிற்கிறது. வரிப்பலகைக்கு இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். அது எதையாவது தாங்குகிறதா, மறைக்கிறதா, சத்தத்தை அடக்குகிறதா? பின்னால் கம்பளிப் பட்டை வைத்த பலகை என்றால் அறையின் எதிரொலியைக் குறைக்கும், அதற்கு ஒரு காரணம் உண்டு. வெறும் சுவர் மேல் ஒட்டுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

விரிசல் இல்லாத டைல்ஸை உடைப்பது எனக்கு மனசு வரவே வராத விஷயம். நல்ல நிலையில் இருக்கிற ஒரு தரையைப் பெயர்த்தெடுத்துக் குப்பையில் கொட்டி, அதே வேலையைச் செய்கிற இன்னொரு தரையைச் சுட்டு எடுத்து வந்து போடுகிறோம். மேலே ஒரு பெரிய கம்பளி விரிப்பைப் போடுங்கள். சோபாவின் முன்கால்களாவது அதன் மேல் நிற்கிற அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும், சின்னதாகப் போட்டால் மிதக்கிற மாதிரி தெரியும்.

ஜன்னலோரம் எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லோரும் "பழசாகாதது எது" என்றே பேசுகிறீர்கள். அந்தப் பயத்தில்தான் எல்லோரும் சாம்பலையும் வெள்ளையையும் அடித்தார்கள்! பின்னால் விற்கும்போது யாருக்கும் உறுத்தக் கூடாது என்று யோசித்து யோசித்து, இருக்கிறவர்களுக்கே ஒட்டாத வீடாகிவிட்டது. உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் எந்த நிறம் பிடிக்கும் என்று அலைபேசியை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வருஷக்கணக்காக விரும்பி உடுத்துகிற துணிகளின் நிறத்தைப் பாருங்கள், அது வீட்டில் அலுக்காது. படுக்கையறையில் ஒரே ஒரு சுவர் ஆழமான சிவப்பில் வேண்டும் என்றால் அடியுங்கள்.

சுவரை எடுப்பது பற்றி மட்டும் கடுமையாகச் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். அது பாரம் தாங்குகிற சுவரா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும், தட்டிப் பார்த்துச் சொல்கிற ஆளை நம்பாதீர்கள். தாங்காத சுவர் என்றே வைத்துக்கொள்வோம். எடுத்த இடத்தில் தரையில் சுவர் அகலத்துக்கு டைல்ஸ் இல்லாத ஒரு பட்டை நிற்கும். பத்து வருஷத்துக்கு முந்தைய டைல்ஸ் அதே சாயலில் கிடைப்பது அரிது, அதே பெயரில் கிடைத்தாலும் வேறு தொகுப்பு என்றால் நிறம் தள்ளும். கடைசியில் நல்லாயிருக்கிற தரை மொத்தத்தையும் மாற்றும்படி ஆகிவிடும். அந்தச் சுவரில் ஓடுகிற ஒயரும் குழாயும் எங்கே போகும், அதில் மாட்டியிருக்கிற மேல் அலமாரிகள் எங்கே போகும் என்பதும் இருக்கிறது.

திறந்த சமையலறையும் ஒரு காலத்து வழக்கம்தான். 1926இல் மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க்ஃபர்ட் குடியிருப்புகளுக்கு வடிவமைத்த சமையலறை சுமார் 1.9க்கு 3.4 மீட்டர், தனி அறை. கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் இருக்க வேண்டும் என்று நடையை அளந்து செய்தது, அந்தக் காலத்தில் அதுதான் நவீனம். அப்புறம் சுவர்கள் போயின. 2020இல் எல்லோரும் வீட்டுக்குள்ளேயே வேலையும் படிப்புமாக இருந்தபோது கதவுள்ள அறைக்கு எத்தனை பேர் ஏங்கினார்கள் என்பது நமக்கே தெரியும். ஒருவர் மிக்ஸி போடும்போது இன்னொருவர் போனில் பேச வேண்டும் இல்லையா? வெளிச்சம் வேண்டும் என்றால் சுவரின் மேல்பாதியில் ஒரு கண்ணாடி ஜன்னல் வைக்க முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள்.

கோணல்கதவு எழுதியது:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் வீடு 1960களில் கட்டியது. கூரையில் சொரசொரப்பாகப் பூசியிருக்கிறது, ஜன்னல் சட்டங்களில் பல அடுக்குப் பெயின்ட். ரெண்டையும் நானே சுரண்டித் தேய்த்துவிடலாம் என்று இருக்கிறேன். யோசனை சொல்லுங்கள்.

தூரிகை எழுதியது:

கோணல்கதவு, தயவுசெய்து இன்றைக்குத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 1978இல்தான் தடை செய்தார்கள், பல நாடுகளில் அதற்கும் வெகு பிறகு. உலர்ந்த நிலையில் தேய்த்தால் வருகிற தூசி சின்னக் குழந்தைகளுக்கு ரொம்ப ஆபத்து, மூளை வளர்ச்சியையே பாதிக்கும். சொரசொரப்புக் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கிற கனிம நார்) கலந்திருக்கலாம், பிரிட்டனில் அதை முழுசாகத் தடை செய்ததே 1999இல். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மாதிரி எடுப்பதையும் அதற்குப் பழகிய ஆளிடம் விட்டு, ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். இருக்கிறது என்று தெரிந்தால், உதிராமல் இருக்கிற கூரையைத் தொடாமல் அதன் கீழே புதுசாக ஜிப்சம் பலகை அடித்து மூடுவது ஒரு வழி, அதையும் திருகு போடுவதற்கு முன்னால் அந்த வேலை தெரிந்தவர்களிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

நிலைப்படி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. விளக்கைக் கழற்றிப் பார்த்தேன், 6500தான். ஹாலில் மட்டும் 3000 மாற்றியிருக்கிறோம், வித்தியாசம் பெரிசு, சுவர் நீலத்திலிருந்து புறாவின் கழுத்தடி நிறத்துக்கு வந்துவிட்டது. தாள் வைத்துப் பார்த்ததில் டைல்ஸ் பழுப்புப் பக்கம்தான் இருக்கிறது, கணவருக்கு ஒரே சந்தோஷம். தரைப் பட்டை விஷயத்தைக் கேட்டதும் சுவரை எடுக்கிற பேச்சை அவரே விட்டுவிட்டார். கண்ணாடி ஜன்னலுக்குப் பொறியாளரை வரச் சொல்லியிருக்கிறோம்.

மரத்தூள் அண்ணா, உரிகிற கதவுகள் மூன்றை மட்டும் மாற்றினால் மற்றதோடு நிறம் ஒத்துப்போகுமா, இல்லை எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? வளைவு வாசல் ஆசை இன்னும் இருக்கிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

மரத்தூள் எழுதியது:

வெள்ளை பத்து வருஷத்தில் கொஞ்சம் மஞ்சளித்திருக்கும், அதனால் மூன்று மட்டும் புதுசாக வந்தால் பல் கட்டின மாதிரி தனியாகத் தெரியும். மேல் அலமாரிக் கதவுகள் நன்றாக இருந்தால் அவற்றை வெள்ளையாகவே விட்டு, கீழ் வரிசை மொத்தத்தையும் வேறு நிறத்தில் போடுங்கள். அப்போது ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. இழுப்பறை போடுவதானால் எப்படியும் கீழ் வரிசைக்கு முகப்பு புதுசாக வேண்டும், ரெண்டும் ஒரே செலவில் முடியும். கீழே ரொம்ப இருட்டான மேட் வேண்டாம், கைரேகை அப்பட்டமாகத் தெரியும். நடுத்தர நிறமாக எடுங்கள். இந்தத் தடவை ஃபாயில் ஒட்டியது வேண்டாம், அடுப்புப் பக்கம் லேமினேட் போட்டு ஓரத்தில் நல்ல எட்ஜ் பேண்ட் (பலகையின் விளிம்பை மூடுகிற பட்டை) அடிக்கச் சொல்லுங்கள்.

வளைவுக்குச் சுவரை வெட்ட வேண்டாம். இப்போதுள்ள சதுர வாசலின் மேல் ரெண்டு மூலையிலும் ஜிப்சம் பலகையில் வளைவு கட்டிப் பூசிவிடலாம், வேண்டாம் என்றால் பின்னால் பெயர்த்து எடுத்துவிடலாம். ஒன்று மட்டும் பாருங்கள், வளைவு கட்டினால் ஓரங்களில் உயரம் குறையும். வீட்டில் உயரமான ஆள் இருந்தால் வளைவு ஆரம்பிக்கிற இடம் அவர் தலைக்கு மேலே இருக்கட்டும். அந்த வாசலில் கதவு இருக்கிறதா, இல்லை வெறும் திறப்பா? கதவு இருந்தால் வேலை வேறு மாதிரி போகும், அளவோடு ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.